வேதியியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் வேதியியல் தனிப் பாடம் கிடையாது. அறிவியல் புத்தகத்துக்குள் சில அலகுகளாக வரும். அதை நடத்துபவர் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். அவர் கல்லூரியில் படித்தது இயற்பியலாகவோ தாவரவியலாகவோ விலங்கியலாகவோ இருக்கலாம். வேதியியலைத் துணைப்பாடமாக ஓரிரு ஆண்டுகள் படித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, மோல், அமிலமும் காரமும் என்று அடித்தளமான எல்லாவற்றையும் ஒரு மாணவி முதலில் கேட்பது அவரிடம்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் நிலைமை வேறு. அங்கே வருபவர் வேதியியலில் முதுகலை முடித்தவர், பாடம் அவருக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளை அந்தப் பாடத்தில் எங்கே வழுக்கி விழுகிறது என்பதை எம்.எஸ்ஸி. வகுப்பில் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு வகை ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் இருப்பவர்கள், கருத்தாளராக அழைக்கப்படும் மூத்த ஆசிரியர்கள், பி.எட். கல்லூரியில் வேதியியல் கற்பித்தல் எடுப்பவர்கள், தம் பள்ளியிலேயே ஏதாவது செய்ய நினைக்கும் தலைமையாசிரியர்கள் எனப் பலருக்கும் பயன்படும்.

என் நம்பிக்கை ஒன்றுதான்: பயிற்சி முழுக்கப் பாடப்பொருளுக்குள்ளேயே நடக்க வேண்டும். "செயல்வழிக் கற்றல்", "மாணவர் மையக் கற்பித்தல்" என்று பொதுவாக இரண்டு நாள் பேசினால், கேட்டவர் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய்ப் பழையபடியே நடத்துவார். அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. திங்கட்கிழமை காலை மோல் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று அந்த இரண்டு நாளில் யாரும் சொல்லவில்லையே.

முதல் படி: பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

ஐந்து நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவில் 24 முதல் 30 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஆய்வக மேசையில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒன்பது, பத்து எடுப்பவர்களையும் பிளஸ் டூ எடுப்பவர்களையும் முதல் நாள் ஒன்றாக உட்கார வைக்கலாம், பிறகு பிரித்துவிடுங்கள். ஜூன், ஜூலை நல்ல காலம். ஜனவரிக்குப் பிறகு கூப்பிட்டால் உடல் மட்டும்தான் வரும், மனம் திருப்புதல் தேர்வில் இருக்கும்.

வரப்போகும் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே ஐந்து கேள்விகள் அனுப்புங்கள். அவர்கள் பதில் எழுத வேண்டாம். தம் மாணவர்களிடம் பெயர் எழுதாத தாளில் பதில் வாங்கி, அந்தத் தாள்களை அப்படியே கொண்டுவந்தால் போதும். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது?
செம்புக் கம்பியிலிருந்து ஒரே ஒரு அணுவைத் தனியே எடுத்தால் அது செம்பு நிறத்தில் இருக்குமா?
இரும்பு ஆணி முழுக்கத் துருப்பிடித்தபின் துருவோடு சேர்த்து எடை போட்டால் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?
ஒரு வேதிப்பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருமா, உள்ளே போகுமா?
வினை சமநிலையை எட்டிவிட்டது என்றால் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும்?

கடைசி இரண்டும் மேல்நிலை வகுப்புகளுக்கு. பதில்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதான் வரும், ஆசிரியர்களுக்கு அதுவே பெரிய வியப்பு. குமிழிக்குள் காற்று என்று ஒரு கூட்டம் எழுதும், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்று இன்னொரு கூட்டம் எழுதும். நீராவி என்று எழுதுபவர்கள் குறைவு. நீரின் வாய்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைதான், கொதித்தால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது என்றும் எழுதும். செம்பு அணுவும் செம்பு நிறம்தான் என்பார்கள். துருப்பிடித்தால் ஆணி அரித்துப்போகிறது, ஆகவே எடை குறையும் என்பார்கள். சமநிலையில் வினை நின்றுவிடும் என்பார்கள், உண்மையில் அது இரு திசையிலும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் காலை இந்தத் தாள்களைத் தரையில் பரப்பி, ஒரே மாதிரியான பதில்களை ஆசிரியர்களே அடுக்கட்டும். நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். "என் பசங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும் சார்" என்று வந்தவர், தம் பிள்ளைகளின் கையெழுத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருப்பார். அந்த ஐந்து நாளுக்கான காரணத்தை வேறு யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: மூன்று தலைப்பு, அதற்கு மேல் வேண்டாம்

புத்தகம் முழுவதையும் ஐந்து நாளில் தொட ஆசைப்படாதீர்கள். 2018, 2019-இல் வந்த புதிய பாடநூல்கள் தடிமனானவை. பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் இரண்டு தொகுதிகள் கொண்டது. அலகுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தால் அது பயிற்சியாக இருக்காது, பொருளடக்கத்தை வாசித்ததாகத்தான் இருக்கும்.

ஒன்பது, பத்துக்கு என் தேர்வு துகள் கொள்கையும் வேதிச் சமன்பாடும் ஒன்று, மோல் ஒன்று, அமிலமும் காரமும் ஒன்று. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பிணைப்பும் ஆற்றலும், வேதிச் சமநிலை, பருமனறி பகுப்பாய்வு. இவை மற்ற பாடங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பவை. இவற்றில் ஆழமாக இறங்கியவர் மின்வேதியியலுக்குத் தாமே வழி கண்டுபிடித்துக்கொள்வார்.

மூன்றாம் படி: ஆசிரியரின் சொந்த நம்பிக்கை ஒன்றை மேசைமேல் வையுங்கள்

மாணவர்களின் தவறான புரிதலைப் பற்றிப் பேசுவது எளிது. அந்தப் புரிதல் பெரியவர்களிடமும் இருக்கிறது என்பதை மரியாதை கெடாமல் காட்டுவதுதான் கடினம். மெழுகுவர்த்திச் சோதனை இதற்கு நன்றாக உதவும்.

ஒரு தட்டில் சாயம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். ஏன் என்று கேளுங்கள். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது" என்று கிட்டத்தட்ட ஒரே குரலில் பதில் வரும். பல ஆண்டுகளாகப் பள்ளிகளில் சொல்லப்பட்டு வரும் விளக்கம் இது.

மறுக்காதீர்கள். அதே தட்டில், அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளர் அதே அளவு, உள்ளே இருந்த ஆக்ஸிஜனும் அதே அளவு. அப்படியானால் கூடுதலாக ஏறிய தண்ணீர் எதனால் ஏறியது? இப்போது மறுபடி செய்து, தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சுடர் எரியும்வரை பெரிதாக எதுவும் நடக்காது. டம்ளரைக் கவிழ்க்கும்போது சில நேரம் விளிம்பில் குமிழிகூட வெளியேறும். சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும்.

கொஞ்ச நேரம் மேசையைச் சுற்றிச் சண்டை நடக்கும், நடக்க விடுங்கள். சுடரின் சூட்டில் டம்ளருக்குள் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள். ஆக்ஸிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதையும், ஆக்ஸிஜன் போன இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு வந்து சேர்கிறது என்பதையும் அதற்குப் பிறகு நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். நீராவி குளிர்ந்து நீராவதற்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு.

இந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியருக்கு மூன்று பழகிவிடும்: முன்கூட்டி ஊகிப்பது, ஒரே ஒரு காரணியை மாற்றிப் பார்ப்பது, நிகழும் நேரத்தைக் கவனிப்பது. இவற்றைத் தனித் தலைப்பு போட்டு நடத்த வேண்டியதில்லை.

நான்காம் படி: பார்ப்பது, துகள், குறியீடு

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் சொன்ன ஒரு கருத்து இன்றும் வேதியியல் கற்பித்தலில் நடுநாயகமாக இருக்கிறது. வேதியியல் மூன்று தளங்களில் பேசுகிறது: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், தாளில் எழுதும் குறியீடு. தேர்ந்த வேதியியலாளர் ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவிவிடுவார். தாவியதே அவருக்குத் தெரியாது. புதிதாகக் கேட்கும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்றும் வந்து விழும்போது எதையும் பிடிக்க முடியாமல் போகிறது.

இதைச் சொற்பொழிவாகச் சொல்லாமல் படமாகப் போட வையுங்கள். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, வெள்ளை வட்டம் ஹைட்ரஜன், கறுப்பு வட்டம் ஆக்ஸிஜன் என்று வைத்து, வினைக்கு முன்னும் பின்னும் உள்ள துகள்களை ஆளுக்கொரு தாளில் வரையச் சொல்லுங்கள். சரியாக வரைந்தால் முதலில் இரண்டிரண்டாக ஒட்டிய வெள்ளை வட்டங்கள் இரண்டு ஜோடி, கறுப்பு வட்டங்கள் ஒரு ஜோடி. பிறகு ஒரு கறுப்போடு இரண்டு வெள்ளை ஒட்டிய நீர் மூலக்கூறு இரண்டு. மாணவர்களிடம் இதையே கொடுத்தால், சமன்பாட்டைச் சமன் செய்வதில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்களே நான்கு வெள்ளை வட்டங்களை வரிசையாக ஒட்டி வரைவார்கள். முன்னால் நிற்கும் 2-க்கும் கீழே சிறிதாக நிற்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு வெறும் கணக்கு, துகளாக அதை அவர்கள் பார்த்ததே இல்லை.

அடுத்து இன்னொரு தாள்: இதே வினையில் ஐந்து ஹைட்ரஜன் மூலக்கூறும் இரண்டு ஆக்ஸிஜன் மூலக்கூறும் இருந்தால் கடைசியில் பாத்திரத்தில் என்னென்ன இருக்கும்? நான்கு நீர் மூலக்கூறும் மிச்சம் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும். வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று பிளஸ் ஒன்னில் கணக்காக வருவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை இங்கே வட்டம் போட்டே புரிந்துகொள்ளும்.

கணினி வசதி உள்ள பள்ளிகளில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனைகளைப் பயன்படுத்தலாம், இலவசம்தான். ஆனாலும் முதலில் கையால் வரைய வேண்டும். திரையில் ஓடுவதைப் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், வரையச் சொன்னால்தான் புரியாதது வெளியே வரும்.

ஐந்தாம் படி: மோலை எடைபோட்டுக் காட்டுங்கள்

மோல் பாடம் பெரும்பாலும் 6.022 × 10²³ என்ற எண்ணோடு தொடங்கி, நான்கு சூத்திரங்களோடு முடிந்துவிடுகிறது. பயிற்சியில் அதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை, 27 கிராம் அலுமினியத் தாள், 56 கிராம் இரும்பு ஆணி. ஐந்தையும் ஆசிரியர்களே எடைபோட்டு வரிசையாக வைக்கட்டும். ஒவ்வொன்றும் ஒரு மோல். தண்ணீர் ஒரு மடக்குக்குக்கூடக் காணாது, சர்க்கரை ஒரு பெரிய பொட்டலம்.

இப்போது கேள்வி: ஐந்திலும் எண்ணிக்கை ஒன்றுதான் என்றால், எதை எண்ணுகிறோம்? இரும்பில் அணு, சர்க்கரையில் மூலக்கூறு. உப்பில்? அங்கே மூலக்கூறு என்று ஒன்று இல்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒவ்வொரு மோல் இருக்கின்றன. இந்த இடத்தில் ஆசிரியர்களே தடுமாறுவார்கள், அது நல்ல தடுமாற்றம். 2019-இல் மோலின் வரையறை மாறிவிட்டதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்துச் சொன்ன பழைய வரையறை போய், 6.02214076 × 10²³ துகள்கள் என்ற நிலையான எண்ணே இப்போது வரையறை.

ஆறாம் படி: ஆற்றலும் பிணைப்பும்

உயிரியல் படித்துவிட்டு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் நிறையப்பேர் இருப்பதால் இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது என்று அவர்கள் படித்திருப்பார்கள், அதையே சொல்லியும் தருவார்கள். அடுத்த அறையில் வேதியியல் ஆசிரியர், பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும் என்று நடத்துவார். ஒரே பிள்ளை இரண்டையும் கேட்டுவிட்டு, தேர்வில் அந்தந்த ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதிவிட்டுப் போய்விடும்.

கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், குளோரினுக்கு 242. மொத்தம் 678 கிலோஜூல் செலவு. உருவாகும் இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புகள் ஒவ்வொன்றும் 431 வீதம் 862 கிலோஜூலைத் திருப்பித் தருகின்றன. மிச்சம் ஏறத்தாழ 184 கிலோஜூல்தான் வெளியே வரும் வெப்பம். ஏ.டி.பி.யும் இப்படித்தான்: உடைவதற்குக் கொஞ்சம் செலவாகிறது, நீரோடு சேர்ந்து உருவாகும் புதிய பிணைப்புகளும் அவற்றைச் சூழும் நீர் மூலக்கூறுகளும் அதைவிட அதிகம் தருகின்றன. உயிரியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் அருகருகே உட்கார்ந்து இந்த ஒரு தாளைப் போட்டு முடித்தால், பயிற்சி நடத்திய செலவுக்கு அதுவே போதும் என்பேன்.

ஏழாம் படி: ஆய்வகம்

இதற்கு முழுதாக ஒன்றரை நாள் வேண்டும். ஆய்வக உதவியாளர்களையும் கூப்பிடுங்கள். கரைசல் தயாரிப்பவர்கள் பல பள்ளிகளில் அவர்கள்தான், ஆனால் பயிற்சிக்கு அவர்களை அழைப்பது அபூர்வம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை மோர் உப்போடு (Mohr's salt, இரும்பு அம்மோனியம் சல்பேட்) தரம்பார்க்கும் சோதனையை, அதாவது பியூரெட்டிலிருந்து துளித்துளியாகச் சேர்த்து அளவு காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் செய்யத் தெரியும். அதனால் செய்முறையைச் சொல்லாமல், ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். கூம்புக் குடுவையைக் கரைசலால் கழுவாமல் ஏன் தண்ணீரால் மட்டும் கழுவுகிறோம்? கரைசலால் கழுவினால், பிப்பெட்டால் அளந்து விட்ட 20 மி.லி.க்கு மேல் மோர் உப்பு உள்ளே இருக்கும். ஏன் நீர்த்த கந்தக அமிலம், ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது? பெர்மாங்கனேட் குளோரைடு அயனியையும் ஆக்ஸிஜனேற்றம் செய்துவிடும், அளவு தப்பாகும். நைட்ரிக் அமிலம்? அதுவே ஒரு ஆக்ஸிஜனேற்றி. அமிலம் போதாமல் போனால்? மாங்கனீசு டை ஆக்ஸைடு பழுப்பாகக் கலங்கும். பியூரெட்டில் ஏன் மேல் விளிம்பைப் படிக்கிறோம்? கரைசல் அடர்நிறம், அடி வளைவு கண்ணுக்குத் தெரியாது. பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஏன் ஊதக் கூடாது? அந்தத் துளி நிற்கும் என்று கணக்கில் எடுத்துத்தான் பிப்பெட்டில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், எல்லோரும் ஒரே கரைசலைத் தரம்பார்த்து, தமக்கு வந்த அளவீட்டைத் திருத்தாமல் கரும்பலகையில் ஒரு கோட்டின்மேல் புள்ளியாக வைக்கட்டும். 24 பேரின் புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்து, சில மட்டும் தள்ளி நிற்கும். தள்ளி நிற்பவர் வெட்கப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முனையில் காற்றுக் குமிழி இருந்ததா, புனலை எடுக்க மறந்தாரா, இளஞ்சிவப்பு வந்தும் இன்னொரு துளி விட்டாரா என்று தேடுவதுதான் பாடம். ரெக்கார்டு நோட்டில் எல்லா அளவீடும் 20.0, 20.0 என்று அச்சடித்த மாதிரி இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் உண்மையான அளவீட்டை எழுதத் துணிய வேண்டுமானால், அவர்களுக்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறை எழுதியிருக்க வேண்டும்.

பொருள் நிறை மாறாமைக்கு வினிகரையும் சமையல் சோடாவையும் பலூனோடு செய்யும் சோதனை பிரபலம். துல்லியத் தராசில் வைத்துப் பார்த்தால் நிறை கொஞ்சம் குறைந்ததாகக் காட்டும், ஆசிரியர் பதறிப்போவார். பலூன் ஒரு லிட்டர் ஊதினால் ஏறத்தாழ 1.2 கிராம் காற்றை இடம்பெயர்க்கிறது, அந்த மிதப்பு விசைதான் காரணம். இதை முன்பே தெரிந்துகொண்டால் அதுவே நல்ல பாடமாகிவிடும். வேண்டாமென்றால் மூடிய சீசாவுக்குள் கால்சியம் குளோரைடு கரைசலையும் சலவைச் சோடா கரைசலையும் கலக்கச் சொல்லுங்கள். வெள்ளை வீழ்படிவு வரும், நிறை மாறாது.

பொருள் இல்லை, பணம் இல்லை என்று வரும் பள்ளிகளுக்குத் துளி அளவுச் சோதனைகளைப் பழக்குங்கள். வெள்ளைத் தாளின்மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள், அதன்மேல் துளித்துளியாகக் கரைசல். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. சில்வர் நைட்ரேட் போன்ற விலை கூடிய பொருளும் ஒரு சிறு சீசாவில் ஒரு வகுப்பு முழுவதற்கும் வரும். கழிவும் குறைவு. செம்பருத்திப் பூச்சாறு, மஞ்சள் இரண்டையும் இதே தாளில் எலுமிச்சைச் சாற்றோடும் சோப்பு நீரோடும் வைத்துப் பாருங்கள். செம்பருத்தி இரண்டு பக்கமும் நிறம் மாறும். மஞ்சள் காரத்தில் மட்டும் சிவக்கும், அமிலத்திலும் நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். அப்படியானால் மஞ்சளை வைத்து ஒரு பொருள் அமிலமா என்று சொல்ல முடியுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கேள்வியில் நன்றாக யோசிக்கும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. பிப்பெட்டில் வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ரப்பர் குமிழ் வாங்க ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை, பயிற்சியின் முதல் மணி நேரத்திலிருந்தே அதைக் கட்டாயமாக்குங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், மெதுவாக, கலக்கிக்கொண்டே. தோலில் அமிலம் பட்டால் காரத்தைத் தடவி நடுநிலையாக்கப் பார்க்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். எரியும் சுடருக்குப் பக்கத்தில் ஆல்கஹால் சீசா இருக்கவே கூடாது. சோடியம் உலோகம் மிளகளவு போதும். கடைசி நாள் ஆசிரியர்கள் தம் பள்ளிக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பார்க்க ஒரு பட்டியல் கொடுங்கள்: பென்சீன், கார்பன் டெட்ரா குளோரைடு, கண்ணாடிப் பாத்திரம் கழுவ வைத்த குரோமிக் அமிலக் கலவை, பாதரசம், நடுவில் கல்நார் பூசிய பழைய கம்பிவலை, பெயர்ச்சீட்டு இல்லாத சீசாக்கள். இவற்றைத் தொட்டியில் ஊற்றிவிடாமல், தனியே பூட்டி வைத்து, முறையாக அகற்றத் தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: நடத்திப் பார்ப்பது

பி.எட். படித்த எல்லோருக்கும் நுண்நிலைக் கற்பித்தல் நினைவிருக்கும். ஆறு நிமிடம் நடத்தி, ஆறு நிமிடம் கருத்துக் கேட்டு, மாற்றித் திட்டமிட்டு, மறுபடி நடத்தி என 36 நிமிடச் சுற்று. அந்தச் சுற்று நல்லதுதான். அதில் கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன், பாடம் தொடங்கும் திறன் என்று பார்த்துக்கொண்டு, நடத்தப்படும் வேதியியலை யாரும் கவனிக்காமல் விடுவதுதான் குறை. அதே சுற்றை வைத்துக்கொண்டு பணியை மாற்றுங்கள்: "சமநிலையில் வினை நின்றுவிடும் என்று எழுதிய இந்தப் பெண்ணிடம் ஆறு நிமிடம் பேசுங்கள்." மாணவியாக நடிப்பவர் தம் கருத்தை லேசில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதல் சுற்றில் ஆசிரியர்கள் விளக்கிக்கொண்டே போவார்கள். இரண்டாம் சுற்றில்தான் கேட்கத் தொடங்குவார்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கவும் இங்கேதான் பழக வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அந்த மூன்று விநாடி மௌனம் வகுப்பில் நிற்கும்போது எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பதை நடித்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

"போர்ஷன் முடிக்கணும், இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ரிசல்ட் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர்தான். அதனால் கூடுதல் பாடவேளை எதையும் கேட்காதீர்கள். ஒரு அலகுக்கு ஒரு கேள்வி, ஒரு துகள் படம், பாடம் தொடங்கும் முதல் ஐந்து நிமிடத்தில். அவ்வளவு போதும் என்று சொல்லுங்கள், அதையே எழுதி வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: ஐந்து நாளுக்குப் பிறகு ஆறு மாதம்

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பின்னாளில் 1982-இல் உருவான ஏகலவ்யா என்ற அமைப்பு அதை ஏற்று விரிவாக்கியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் நடந்தது. அங்கே ஆசிரியர்கள் கோடை முகாம்களில் வாரக்கணக்கில் தங்கி, மாணவர்கள் செய்ய வேண்டிய அதே சோதனைகளைத் தாமே செய்தார்கள். ஊர் திரும்பிய பிறகு மாதந்தோறும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு கூடிப் பேசினார்கள். யாராவது வகுப்புக்கு வந்து உடன் உட்கார்ந்தார்கள். பயிற்சி அங்கே ஒரு நிகழ்ச்சியாக முடிந்துவிடவில்லை. அந்தத் தொடர்ச்சிதான் நாம் கடன் வாங்க வேண்டியது.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் எட்டுப் பத்தைச் சேர்த்து ஒரு குழுவாக்குங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மாதங்களில் விட்டுவிடலாம். கூட்டத்துக்கு ஒரே விதி: கையில் மாணவர் எழுதிய தாள் ஏதாவது இல்லாமல் வரக் கூடாது. சுற்றறிக்கை, புள்ளிவிவரம் எதுவும் அங்கே பேசப்படாது.

பருவத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரின் வகுப்பிலும் போய் உட்காருங்கள். பார்வைப் பதிவேட்டைக் கொண்டுபோக வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் கேட்ட கேள்விகளையும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் மட்டும் அப்படியே எழுதுங்கள். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் எடுக்க வேண்டாம். அந்தத் தாள் தம்மிடம்தான் இருக்கும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

பத்தாம் படி: பயன் உண்டா என்று பார்ப்பது

கடைசி நாள் மாலை நிரப்பி வாங்கும் கருத்துப் படிவத்தை நம்ப வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தால் எல்லாம் "மிக நன்று" என்றுதான் வரும். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தையும் இதற்கு அளவுகோலாக்காதீர்கள், அதில் வேறு பல காரணங்கள் கலந்திருக்கும்.

முதலில் அனுப்பிய அதே ஐந்து கேள்விகளை டிசம்பரில் அதே வகுப்புகளில் மறுபடி கொடுங்கள். ஆசிரியர்களே தாள்களை அடுக்கி, ஜூனில் அடுக்கியதோடு ஒப்பிடட்டும். எல்லாக் கேள்வியிலும் ஒரே அளவு முன்னேற்றம் வராது. குமிழிக் கேள்வி பெரும்பாலும் சரியாகிவிடும், ஒருமுறை பேசினாலே போதும். பிணைப்பு உடைவதும் சமநிலையும் பிடிவாதமானவை, பாதிப்பேர் பழைய பதிலுக்கே திரும்பியிருப்பார்கள். அந்த இரண்டையும் அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு முதல் தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய வகுப்பில் அவை அசைந்திருக்கின்றனவோ அவரை அடுத்த குழுவுக்குக் கருத்தாளராக அழையுங்கள், அவர் கொண்டுவரும் தாள்களிலிருந்தே அந்த நாளைத் தொடங்குங்கள்.